புனிதா பூட்டிவிட்டுப் போன தொலைபேசி

திரையில் புனிதாவின் பெயர் வந்ததும் தொலைபேசியைத் தாவி எடுத்தேன். நாலு வருடமாக என்னோடு பேசாதவள். போன மாதம் கொழும்பில் புது வேலைக்குச் சேர்ந்து புது எண் வாங்கிய அன்றே, அந்த எண்ணிலிருந்து முதல் செய்தியாக அவளுக்குத்தான் மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தேன். பதில் இல்லை. இப்போது அழைக்கிறாள்! "ஏண்டி, இப்பதான் கண்ணு தெரிஞ்சுச்சா?" என்று கத்தினேன். வந்ததோ ஓர் ஆண் குரல். "நான் புனிதாவோட தம்பி சுரேஷ் பேசுறேங்க. அக்கா காலையில தவறிட்டாங்க. அவங்க போனைத் தொறக்க முடியல. சிம்மைக் கழட்டி என் போன்ல போட்டு, அதுல இருக்கிற நம்பருக்கெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கேன்." என் கத்தல்தான் அந்தப் பிள்ளையின் காதில் முதலில் விழுந்தது. அதை நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது.

நம் வகுப்புத் தோழர்களாகிய உங்களுக்கு அவளை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அவளும், ஹட்டன் கடைத்தெருவிலிருந்து நானும் பல்கலைக்கழக விடுதியில் ஒரே அறைக்கு வந்து சேர்ந்தோம். வந்த வாரமே எனக்கு 'ஹட்டன் வாயாடி' என்று பெயர் வைத்துவிட்டாள். மடிக்கணினியின் கேமராவை மூட ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியவள் அவள்தான். மூன்றாம் நாள் பார்த்தால் நம் வகுப்புப் பையன்களின் கணினிகள் எல்லாவற்றிலும் சிவப்புப் பொட்டு!

வலையமைப்புப் பாதுகாப்பு முதல் வகுப்பு உங்களுக்கு நினைவிருக்கும். அந்தரங்கம் என்றால் என்ன என்று யாழ்ப்பாணத்து விரிவுரையாளர் கேட்டார். நாமெல்லாம் புத்தகத்தில் இருந்ததை ஒப்பித்தோம். புனிதா எழுந்து, "எங்க லயத்து வரிசை வீடுகள்ல நடுச்சுவரு கூரை வரைக்கும் போகாதுங்க சார். பக்கத்து வீட்டுச் சண்டை அப்படியே கேக்கும். காலையில பைப்படியில அவங்களப் பாத்தா, ஒண்ணும் கேக்காத மாதிரி பேசுவோம். அதுதாங்க சார்" என்றாள். யாரோ பின்வரிசையில் சிரித்தார்கள். "சிரியாதேங்கோ. இதைத்தான் நான் மூண்டு கிழமைக்கு உங்களுக்குப் படிப்பிக்கப் போறன்" என்றார் அவர்.

இனி என் பாவத்துக்கு வருகிறேன். இறுதியாண்டு ஆய்வுக்காக அவளுடைய தோட்டத்து வாசிகசாலையில் நாங்கள் வைஃபை பொருத்தினோம். அதில் சேரும் தொலைபேசிகள் எந்தத் தளங்களுக்குப் போகின்றன என்று பதிந்து பார்ப்பது எங்கள் வேலை. "எங்க கையெழுத்துப் போடணும் புள்ள?" என்று பேனாவுக்குக் கை நீட்டியவர்களை உட்கார வைத்து, புனிதா சம்மதப் படிவம் முழுவதையும் வாசித்துக் காட்டினாள். யாருடைய பெயரும் வெளியே வராது என்று வாக்குக் கொடுத்தாள்.

அறிக்கையின் ஓர் அட்டவணையில் ஒவ்வொரு தொலைபேசியின் வகையையும் அது போன தளங்களையும் போட்டிருந்தேன். பெயர் கிடையாது. "இத எடுத்துரு" என்றாள். "பேர்தான் இல்லையே" என்றேன். "பன்னெண்டு வீட்டு லயத்துல பேரை அழிச்சா ஆளு மறைஞ்சிருமா? அந்தப் போனு ஒரு வீட்டுலதான் இருக்கு." சரி என்று தலையாட்டிவிட்டு, ஆய்வுக்குக் கிடைக்கும் புள்ளிகள் குறையுமே என்ற பேராசையில் அவளுக்குத் தெரியாமல் அதை வைத்தே அச்சடித்தேன். பக்கத்துத் தோட்டத்து மாணவன் ஒருவன் அறிக்கையைப் பார்த்து, ஒரு போன் யாருடையது என்று கண்டுபிடித்துவிட்டான். வீட்டுக்குச் சொல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்த கோகிலாவின் விஷயம் ஒரே வாரத்தில் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. நேர்முகத் தேர்வுக்கு வீட்டார் அவளைப் போகவிடவில்லை. புனிதா அவள் வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்டாள். தப்புச் செய்த நான் போகவில்லை. எனக்கு நல்ல தேர்ச்சி, நல்ல வேலை. அன்றோடு எங்கள் பேச்சு நின்றது.

பிறகு அவள் ஹட்டனில் ஒரு கணினி நிலையத்தில் வேலை பார்த்தாள். மின்னஞ்சல் கணக்குத் திறக்க அங்கே போன என் அப்பா வந்து சொன்னார்: "நான் பாஸ்வேர்டு அடிக்கிறப்ப அந்தப் புள்ள மூஞ்சிய ஜன்னல் பக்கம் திருப்பிக்கிச்சு. எனக்கு எழுத்தைத் தேடி அடிக்கக் கால் மணி நேரம் ஆச்சு. திரும்பவே இல்லியே!" ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கடையைக் கண்டால் நான் எதிர்ப்பக்கமாகவே நடந்து போனேன்.

சாவு வீட்டில்தான் தெரிந்தது, மூன்று மாதமாகக் கண்டி ஆஸ்பத்திரிக்கு அலைந்திருக்கிறாள் என்று. அவளுடைய அம்மா தொலைபேசியை என் கையில் வைத்தார். "அவ படமெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. நீ படிச்ச புள்ள, தொறந்து குடும்மா." எனக்கு அவள் பூட்டு எண் வைக்கும் விதம் தெரியும். இரண்டு மூன்று முயற்சிக்குள் திறந்திருப்பேன். உண்மையைச் சொல்கிறேன், படங்களுக்காக மட்டும் அல்ல. வாசித்ததற்கான நீலக் குறி வராதபடி நிறுத்தி வைத்திருப்பவள் அவள். என் மன்னிப்பை அவள் பார்த்தாளா என்பது அதற்குள் இருந்தது.

முதல் எண்ணைத் தொட்டேன். அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பக்கத்தில் இருந்த பெண்களும் ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டார்கள். "போடும்மா, நாங்க பாக்கல. ஒருத்தரு நம்பர் போடுறப்ப பாக்கக்கூடாதுன்னு புனிதா சொல்லியிருக்கு" என்றார் அம்மா. திரும்பியவர்களில் கோகிலாவும் இருந்தாள்.

என்னால் முடியவில்லை. தொலைபேசியை அம்மாவின் மடியில் வைத்துவிட்டு அழுதேன். "சரி, அவ பூட்டுனது பூட்டுனபடியே இருக்கட்டும்" என்றார். இறம்பொடைச் சுற்றுலாவில் நாம் எடுத்த படங்களை அவருக்குக் காட்டினேன். உங்களிடம் இருப்பவற்றையும் தயவுசெய்து அனுப்புங்கள். கோகிலாவிடம் நாலு வருடம் பிந்திய மன்னிப்பைக் கேட்டேன். "விடுங்க" என்றாள். அவள் விட்டுவிட்டாளா என்று எனக்குத் தெரியாது.

புறப்படும்போதுதான் எனக்கு உறைத்தது. சுரேஷ் அழைத்தது, அந்த மன்னிப்புச் செய்தி போன என் புது எண்ணுக்கு. "சிம்முல எத்தனை நம்பர் இருந்துச்சு?" என்றேன்.

"அஞ்சே அஞ்சுதாங்க்கா. மத்ததெல்லாம் போனுக்குள்ள. ஆஸ்பத்திரியில இருக்கிறப்ப, 'எனக்கு ஏதும் ஆனா சிம்முல இருக்கிறவங்களுக்குச் சொல்லு'ன்னாங்க." சற்றுக் கூச்சத்தோடு தன் தொலைபேசியை நீட்டினான். "உங்க பேரு என்னன்னு தெரியாமத்தான் போன் கோல் எடுத்தேன். இப்படித்தான் போட்டிருந்தாங்க."

ஹட்டன் வாயாடி.

இந்த எண்ணை நான் இனி மாற்றப்போவதில்லை.