மழையில் செத்த அம்மா

அந்த டியூஷன் சென்டரில் அவளுக்குக் கடிகாரக்கா என்று பெயர். கழுத்தில் ஒரு அலாரத்தைக் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு மேஜைகளுக்கு நடுவே நடப்பாள். "முதல்ல தலைப்ப ரெண்டு தடவ படி. கொஞ்ச நேரம் யோசி. அப்புறம் எழுது. அலாரம் அடிச்சா பேனாவக் கீழ போடு." கட்டுரைத் தலைப்பைக் கண்டதும் பேயறைந்தது போல உட்கார்ந்துவிடும் பிள்ளைகளை, நுழைவுத் தேர்வில் நேரத்துக்குள் எழுதி முடிக்க வைப்பதுதான் வேலை. நல்ல வேலைதான். அதை நாறடித்தவர் சென்டர் முதலாளி.

எந்தத் தலைப்பு வந்தாலும் முதல் பத்தி ஒன்றே என்பது அவர் கண்டுபிடிப்பு. 'அன்று மழை. ஆஸ்பத்திரி ஜன்னலோரம் என் கையைப் பிடித்தபடியே அம்மா கண்ணை மூடினாள்.' அதற்கப்புறம் தலைப்பு செல்போனோ, சாலை விபத்தோ, குடிநீரோ, எதுவானாலும் அந்தப் பிணத்தோடு முடிச்சுப் போட்டுவிட வேண்டியது. 'அம்மா கடைசியாகக் கேட்டது ஒரு வாய் சுத்தமான தண்ணீர்.' முடிந்தது குடிநீர்.

"திருத்துறவன் கட்டுக்கட்டா பேப்பர் பாக்குறான்மா. அழ வச்சாதான் நிமிந்து பாப்பான்" என்பார், கட்டைவிரலை நாக்கில் நனைத்துத் தாளைப் புரட்டிக்கொண்டே. அந்தத் தாள்களில் அப்புறம் மார்க்கைக் கூட்டிப் போடுவது அவள் தலையெழுத்து. எச்சில் காயட்டும் என்று கொஞ்ச நேரம் தொடாமலே வைத்திருப்பாள்.

போன வருஷம் ஓர் அண்ணனும் தம்பியும் சேர்ந்து பரீட்சை எழுதினார்கள். அண்ணன் தாளில் அம்மா மழையில் செத்தாள். தம்பிக்குப் பதற்றத்தில் மழை மறந்துபோய், வெயிலில் கொன்றுவிட்டான். செத்தவளோ தண்ணீர் பாட்டிலும் கையுமாக கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். விஷயம் தெரிந்து முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். "திருத்துறது வேற வேற ஆளுதானே, விடுங்க!" கடிகாரக்காவுக்கு அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

ஆனாலும் வாயை மூடிக்கொண்டிருந்தாள். மகளுக்கு அங்கே இலவசமாகப் பாடம். மகளுக்கு நர்ஸ் படிப்பில் சேர ஆசை. மற்ற பாடமெல்லாம் கரைத்துக் குடித்தவள், கட்டுரை என்றால் மட்டும் கை ஓடாது. கட்டுரையில் விழுந்தால் சீட்டு கிடையாது.

கடைசி மாதிரித் தேர்வில் மகளின் தாள் கட்டோடு கட்டாக அவள் கைக்கு வந்தது. தலைப்பு, பேருந்துப் பயணம். அன்று மழை. ஆஸ்பத்திரி. அம்மா கண்ணை மூடினாள். அதோடு விடாமல், 'அம்மாவின் மணிக்கட்டில் இருந்த சூட்டுத் தழும்பைத் தடவிக்கொண்டே அழுதேன்' என்று ஒரு வரி. அந்த வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு. ஓரத்தில் முதலாளி கையெழுத்தில், 'தழும்பு பிரமாதம்!'

கடிகாரக்கா தன் மணிக்கட்டைப் பார்த்தாள். மகள் காய்ச்சலாய்க் கிடந்தபோது கஞ்சி இறக்கப்போய்ப் பட்ட சூடு அது. அதற்கும் மார்க் போட்டிருந்தான் பாவி. எழுந்துபோய் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்தாள்.

வீட்டில் மகள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "நான் முதல்ல சித்தப்பாவைத்தாம்மா சாகடிச்சேன். சித்தப்பாவுக்கெல்லாம் எவன் அழுவான்னு சார் கோடு போட்டு அடிச்சுட்டாரு."

"அதுக்கு என்னைத் தூக்கிப் போட்டியா?"

"கோவிச்சுக்காதம்மா. நல்ல மார்க்கு வந்துச்சே."

"வரும்டி. கருமாதிக்கு வந்தவன் மொய் வைக்காமலா போவான்!"

மறுநாள் முதலாளியிடம் போய் நின்றாள். "என் பொண்ணுக்கு இந்தப் பொழப்பு வேணாம் சார். அவ பாத்ததை அவ எழுதட்டும்."

"பாத்ததை எழுதினா பாதியில நிப்பா. தொடக்கம் கையில இருந்தாதான் பேனா ஓடும். யோசிச்சுச் சொல்லுங்க, பொண்ணுக்கு சீட்டு வேணுமா, உங்களுக்கு ஆயுசு வேணுமா?" கூடவே ஒரு சிரிப்பு. பல்லிடுக்கில் வெற்றிலைச் சக்கை.

"ரெண்டும் வேணும்" என்றாள். கழுத்து அலாரத்தை அவர் பார்த்ததும், "இது என் காசுல வாங்கினது" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள். திரும்பப் போகவில்லை.

அதற்கப்புறம் சமையலறை மேடைதான் பரீட்சை ஹால். அலாரம் ஒரு பக்கம், குக்கர் ஒரு பக்கம். அந்த ஆள் சொன்னது பொய்யில்லை என்பதுதான் அவளை இன்னும் எரித்தது. மகள் சொந்தமாக எழுதினால் ஒவ்வொரு தடவையும் பாதியில் நின்றாள். பேனாவைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பாள்.

"ஜன்னல்ல என்னடி தெரியுது?"

"கீழ் வீட்டு மாமா வண்டிய உதைக்கிறாரு. கிளம்ப மாட்டேங்குது."

"அதை எழுது. வண்டிக்காவது உயிர் வரட்டும்."

நுழைவுத் தேர்வு முடிந்து கேட் திறந்தது. சென்டர் பிள்ளைகள் குதித்துக்கொண்டு வந்தார்கள். முதலாளி ஜூஸ் பாக்கெட்டுகளை நீட்டிக்கொண்டே, "தொடக்கம் போட்டீங்களா?" என்று கேட்டார். "போட்டாச்சு சார்!" என்று ஒரே கூச்சல். சாலைக்கு எதிர்ப்புறம் அவர்களுடைய அம்மாக்கள் குடை பிடித்து நின்று கையசைத்தார்கள். இத்தனை பிணங்களை ஒரே இடத்தில் கடிகாரக்கா பார்த்ததில்லை. தூ என்று துப்ப வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

மகள் கடைசியாக வந்தாள். முகம் செத்திருந்தது.

"என்ன தலைப்பு?"

"சத்தம் பத்தி. உன் அலாரம், குக்கர், கீழ் வீட்டு வண்டி, எல்லாத்தையும் போட்டேன். முடிக்கலம்மா. கடைசி வரி எழுதிட்டிருக்கேன், பேப்பரப் பிடுங்கிட்டாங்க."

"எதுல நின்னுச்சு?"

"'எங்க அம்மா இன்னும்'னு ஆரம்பிச்சேன். அதோட போச்சு."

"இன்னும் என்னடி?"

"இன்னும் கத்திக்கிட்டேதான் இருக்காங்கன்னு எழுத வந்தேன்."

கடிகாரக்கா முறைத்தாள். பிறகு மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, ஜூஸ் நீட்டிய கையைத் தட்டிவிட்டு, பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள்.

"அவ்வளவு போதும்டி. திருத்துறவனுக்கு நான் உசுரோட இருக்கேன்னு தெரிஞ்சா போதும்."