பத்துமணிப் பூவுக்கு மடை திறந்த அப்பா

நீடாமங்கலம் பக்கத்தில் செடி வாடினால் தண்ணீர் ஊற்றுவோம், வாடாவிட்டாலும் ஊற்றுவோம். நெல்லோடு பிறந்து வளர்ந்தவர்களுக்கு வேறு வைத்தியம் தெரியாது. என் அப்பா அவர்களில் முதல் வரிசைக்காரர்.

அம்மா பேராவூரணிப் பக்கத்து மணல் பூமிக்காரர். அங்கிருந்து மஞ்சள் பத்துமணிப் பூவின் தண்டுகளைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் ஊன்றியிருந்தார். தரையோடு தரையாகப் படரும் செடி அது. குட்டிக் குட்டி இலையெல்லாம் நீர் கோத்துக் குண்டாக இருக்கும். காலை பத்து மணி வெயிலுக்குப் பூவைத் திறந்து, மத்தியானத்துக்கெல்லாம் மூடிக்கொள்ளும். எங்கள் களிமண்ணில் இரண்டு முறை அழுகிப்போனது. மூன்றாம் முறை அம்மா செங்கல் ஜல்லியும் ஆற்று மணலும் கொட்டி ஒரு மேடு கட்டினார். அதில்தான் பிடித்துக்கொண்டு ஒரு பாய் அகலத்துக்குப் படர்ந்தது. பிறந்த வீட்டு வாசலில் பூத்த அதே பூ இங்கேயும் பூப்பதில் அம்மாவுக்கு அப்படியொரு பெருமை.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, சித்தியின் பிரசவத்துக்காக அம்மா மூன்று வாரம் ஊருக்குப் போனார். புறப்படும்போது சோற்றைப் பற்றியோ என் பள்ளிக்கூடத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை.

“என்னங்க, செடிக்குத் தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க. ரொம்ப வாடுனா ஒரு செம்பு தெளிங்க, போதும்.”

அப்பா நான்கு நாள் தாக்குப்பிடித்தார். ஐந்தாம் நாள் வாய்க்காலில் குறுவை நெல்லுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. ஊரே நனைந்து கிடக்க, எங்கள் வாசல் மேடு மட்டும் காய்ந்து கிடப்பதை அவரால் பார்க்க முடியவில்லை. “பாவம், வாயில்லாத ஜீவன்” என்று மண்வெட்டியை எடுத்தார். மேட்டைச் சுற்றி அழகாக ஒரு வரப்புப் போட்டார். மணல் தண்ணீரைக் குடித்துவிடுகிறதே என்று வாய்க்கால் சேற்றை அள்ளிப் பூசினார். ஒரு பக்கம் மடைகூட வைத்தார். நான் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினேன். இரண்டே நாளில் செடி கொழுகொழுவென்று நின்றது.

“பாத்தியா பாப்பா? ஒங்கம்மாவுக்கு வெவசாயம் தெரியாது.”

ஒரு வாரத்தில் தண்டெல்லாம் கூழாகிவிட்டது. தொட்டால் கையோடு வந்தது. அப்பா வரப்பை வெட்டித் தண்ணீரை வடித்துப் பார்த்தார். நெல்லாக இருந்தால் அதற்குப் பிழைத்திருக்கும்.

அம்மா தினமும் போன் செய்வார். “பூத்திருக்கா?” “ம், பூத்திருக்கு.” “எத்தன?” அப்பா என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். “பத்து” என்றார். மறுநாள் கேட்டபோது, குறைவாகச் சொன்னால் நன்றாக இருக்காதென்று நாற்பது என்றார். அதற்கடுத்த நாள் அம்மா சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிட்டார். “இப்பக்கூட பூத்துத்தான் இருக்கு” என்றார் அப்பா. “சாயங்காலம் ஆறு மணிக்கா?” என்று கேட்டுவிட்டு அம்மா போனை வைத்துவிட்டார்.

எதிர்வீட்டு அக்காவிடமும் பத்துமணிப் பூ இருந்தது. ஆனால் எல்லாம் ரோஸ் நிறம். வேறு வழியில்லாமல் அதில் ஒரு கூடை தண்டு வாங்கிவந்து, சேற்றையெல்லாம் சுரண்டிப் புது மணல் கொட்டி, நாற்று நடுவதுபோல வரிசையாக ஊன்றினோம். இம்முறை அப்பா ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. என்னைக் குடத்தின் பக்கமே போகவிடவில்லை. ஒருநாள் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. குறுவைக்கு நல்ல மழை. தெருவே மழையைக் கொண்டாட, அப்பா மட்டும் யூரியா சாக்கை விரித்துச் செடிக்கு மேல் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி நின்றார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

அம்மா சாயங்கால பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தார். பூ மூடியிருக்கும் நேரம், அன்றைக்குத் தப்பித்துவிடலாம் என்பது எங்கள் கணக்கு. அவரோ காலை எட்டரைக்கே வந்து இறங்கிவிட்டார். மொட்டுகள் மூடியிருந்தன. அம்மா குனிந்து, சிவந்திருந்த தண்டு ஒன்றை விரலால் தூக்கிப் பார்த்தார். மஞ்சள் பூச் செடியின் தண்டு பச்சையாக இருக்கும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது.

“பஸ்ஸுல வந்த அலுப்பு இருக்கும், செத்த படேன்” என்றார் அப்பா. அம்மா காபியோடு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். மணி பத்தாயிற்று. மேடு முழுக்க ரோஸ் நிறம்.

“என்னங்க, நெறம் மாறியிருக்கு?”

“மண்ணுவாகு” என்றார் அப்பா.

அம்மா காபியைக் குடித்து முடித்தார். “இருக்கும். நல்லா பாத்துக்கிட்டிருக்கீங்க” என்றார். எனக்கு உயிர் வந்தது. அப்பாவைப்போலக் கெட்டிக்காரர் இந்த ஜில்லாவிலேயே இல்லை என்று நினைத்தேன்.

சாயங்காலம் அம்மா பையிலிருந்து ஈரத்துணிப் பொட்டலம் ஒன்றை எடுத்து, எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். போகும் வழியில் பிரித்துப் பார்த்தேன். மஞ்சள் பத்துமணிப் பூவின் தண்டுகள், எங்கள் மேட்டில் நடும் அளவுக்கு இருந்தன. “நான் கேக்கவே இல்லையே” என்றார் அக்கா.

அம்மாவுக்கு மஞ்சள் அலுத்துவிட்டது, ரோஸ்தான் பிடித்திருக்கிறது என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். இந்த நல்ல செய்தியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். அங்கே நிலைப்படியில், அம்மாவைப் பார்த்தபடி, எச்சில் கையோடு வெகுநேரம் நின்றார். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் இந்த மனிதருக்கு என்னாயிற்று என்று யோசித்தபடியே, அவர் தட்டில் மிச்சமிருந்த அப்பளத்தை எடுத்துத் தின்றேன்.