மேல்காற்றை நம்பிய தாய்மாமன்

வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணிக்குச் சிங்கப்பூரில் பஸ் ஏறினேன். ஜொகூர் பாரு பதினாறு மைல். கட்டணம் முப்பது காசு. எட்டு நாள் கப்பலில் கிடந்து வந்தவனுக்குத் தரையும் கொஞ்சம் ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஜொகூர் ஜலசந்தியின் குறுக்கே கருங்கல்லைக் கொட்டி முக்கால் மைல் நீளத்துக்குப் பாதை போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் ரயில், மறு பக்கம் மோட்டார். கடலை இப்படி நடந்தே கடக்கலாம் என்று நாகப்பட்டினத்தில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நாகப்பட்டினம் துறைமுகத்தில் காற்றழுத்தம் காட்டும் பாரமானியும் வெப்பமானியும் பார்த்துக் குறிப்பது என் உத்தியோகம். மேலிடத்திலிருந்து தந்தி வந்தால் கொடிமரத்தில் புயல் கூண்டு ஏற்றுவதும் நான்தான். நான் கூண்டை ஏற்றினால் ஒரு தோணி கடலில் இறங்காது. பத்தொன்பது வருஷம் இப்படி ஊர் முழுக்க என் கையைப் பார்த்து நடந்தால் மனிதனுக்குக் கொஞ்சம் தலை கனக்கத்தானே செய்யும்? அந்தக் கனத்தை ஜொகூரில் எங்கே இறக்கி வைத்தேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

போன காரியம் கல்யாணம். என் தங்கை வேதவல்லி இருபது வருஷத்துக்கு முன் வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தவள். அவள் கணவர் மாசிலாமணி செனாய்க்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கர். அவர்கள் மகள் அஞ்சுகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். தாய்மாமன் கைப்பிடித்து அழைத்துப் போகாமல் எங்கள் வீட்டுப் பெண் மணவறை ஏறுவதில்லை. அதற்காகத்தான் இத்தனை கடல் தாண்டினேன்.

பதினொரு மணிக்கு ஜொகூர் பாருவில் வேறு பஸ். செனாய் பதினாறு மைல், முப்பத்தைந்து காசு. ஓட்டுநர் மன்னார்குடிப் பக்கத்து ஆள். இரு புறமும் ரப்பர் மரங்கள் ராணுவம் போல வரிசை பிடித்து நின்றன. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மழை எப்படி என்று கேட்டேன்.

"சாயங்காலம் வந்தா அது இந்த ஊரு மழைங்க. வெடியக்காலைல வந்தா சுமத்ரா" என்றார் அவர்.

மேற்குக் கடலின் எதிர்க்கரையிலிருக்கும் சுமத்ரா தீவின் பெயரையே இங்கே ஒரு காற்றுக்கு வைத்திருக்கிறார்கள். இந்த மாதங்களில் அது மேற்கேயிருந்து விடியற்காலையில் வந்து அடிக்குமாம்.

"மேற்கேயிருந்தா? ஆனி மாதத்திலா? விடியற்காலையிலா?" என்று சிரித்தேன்.

"நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததா. ஆனா குடை இருக்கில்ல?" என்றார். என்னிடம் குடை இல்லை, பாரமானி இருந்தது. கடிகாரம் போல் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் சிறிய பாரமானி; அதன் முகத்திலேயே ஒரு குட்டி வெப்பமானியும் உண்டு.

பகல் ஒன்றரை மணிக்குத் தோட்டம். வேதவல்லி என்னைப் பார்த்ததும் அழுதாள், உடனே சோறு போட்டாள், போட்டுக்கொண்டே இளைத்துவிட்டேன் என்று திட்டினாள். மாசிலாமணி, "மச்சான், கப்பல்ல சாப்பாடு மோசமா?" என்று கேட்டுக் கேட்டு மீனை என் இலையில் தள்ளினார். அஞ்சுகம் கதவோரம் நின்று சிரித்தாள். புகைப்படத்தில் பார்த்த குழந்தை என் தோள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது.

சாப்பாடு முடிந்ததும் வீட்டில் நடந்துகொண்டிருந்த வழக்கு என்னிடம் வந்தது. தோட்டத்துக் கல்யாணங்கள் எல்லாம் ஸ்டோரில் நடப்பது வழக்கம். ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டு உலர்த்தும் பெரிய தகரக் கொட்டகை அது. அவ்வளவு பேருக்குக் கூரை அங்கேதான் உண்டு. முந்தின நாளே அடுப்பை அணைத்து, கோலம் போட்டு, மாவிலை கட்டிவிடுவார்கள். அஞ்சுகம் அங்கே வேண்டாம் என்றாள். பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து அவள் அந்த ஸ்டோரில்தான் ஷீட்டுகளைத் தரம் பிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"புளிச்ச பாலும் பொகையும், தலைமுடிலகூட அதே வாசனைதான் மாமா. கல்யாணத்தன்னிக்கு மட்டும் அந்த வாசனை இல்லாம இருந்தா போதும். பந்து விளையாடற திடல்ல பந்தல் போட்டா என்னவாம்?"

"மழை வந்தா?" என்றாள் வேதவல்லி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாரமானியை எடுத்தேன், கண்ணாடியைத் தட்டினேன், முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டேன். "ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு துளி விழாது. நான் பொறுப்பு" என்றேன். அஞ்சுகம் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த நிமிஷம் எனக்கிருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

சனிக்கிழமை, காலை எட்டு மணிக்குத் திடலில் பந்தல் வேலை தொடங்கியது. என் மேற்பார்வை. அத்தாப்பு என்கிற கூரை வேயும் ஓலைத் தட்டிகளைக் கிழக்குப் பக்கம் நெருக்கிக் கட்டச் சொன்னேன். மேற்குப் பக்கத்தை வாசலாக அகலத் திறந்து வைக்கச் சொன்னேன். மரத்தில் பால் வெட்டிவிட்டு வாளியோடு வந்த முனியம்மா சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பால் வெட்டும் பெண்களுக்கெல்லாம் தலைவி போன்றவள்; நாற்பது வயதிருக்கும்.

"ஐயா, தட்டி பொரட்டிக் கட்டியிருக்கு. காத்து அந்தப் பக்கமில்ல வரும்" என்று மேற்கைக் காட்டினாள்.

"மேல்காற்று வரட்டுமே. அது வறண்ட காற்றம்மா. மழைக்காற்று கிழக்கே இருந்து வருவது" என்றேன்.

"எந்த ஊர்ல?" என்று கேட்டுவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் முன்னோர் நான்கு திசைக் காற்றுக்கும் நான்கு பெயர் வைத்தார்கள்: வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. வீசும் திசையோடு குணமும் அந்தப் பெயர்களில் இருக்கிறது. கடல் மேல் நெடுநாள் கிடந்த காற்று ஈரத்தைச் சுமக்கும். வெந்த நிலத்தின் மேல் கிடந்தது வெப்பத்தைச் சுமக்கும். ஐப்பசியில் வங்காள விரிகுடாவிலிருந்து வரும் கொண்டல்தான் எங்களுக்குப் பெருமழை தருவது. ஆனியில் வரும் மேல்காற்றோ, தன் மழையையெல்லாம் மலையாளத்து மலைகளில் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு புழுதியைக் கிளப்பிக்கொண்டு வருவது. எப்போதாவது சாயங்காலத்தில் மேற்கே இடித்து மழை பெய்யும். ஆனி மாத விடியற்காலையில் மேற்கிலிருந்து மழை வந்ததாக என் பத்தொன்பது வருஷக் குறிப்பில் ஒரு வரி கிடையாது. நாகப்பட்டினத்துக்காரன் எவனும் நான் கட்டியபடிதான் பந்தல் கட்டுவான்.

ஞாயிற்றுக்கிழமை. முகூர்த்தம் ஐந்தே முக்காலிலிருந்து ஆறே முக்கால் வரை. நாலரைக்கெல்லாம் காஸ் விளக்குகள் ஏற்றியாகிவிட்டது, பாரமானி இறங்கவில்லை. புயல் வருமுன் அது இறங்கியாக வேண்டும் என்பது நான் படித்த பாடம். மாப்பிள்ளை பொந்தியானில் அன்னாசிப்பழம் டின்னில் அடைக்கும் தொழிற்சாலையில் குமாஸ்தா. நாற்பது மைலுக்கு அப்பாலிருந்து லாரியில் அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

ஐந்து மணிக்குக் காற்று சுத்தமாக நின்றது. மேற்கே வானத்தின் அடியில், நட்சத்திரங்களை விழுங்கிக்கொண்டு, வில் போல் வளைந்த ஒரு கறுப்புக் கரை எழும்பி வந்தது. உள்ளே மின்னல் ஓடியது. ஐந்து நிமிஷத்தில் முகத்தில் அறைந்தாற்போல் ஒரு குளிர்ந்த காற்று!

எனக்குப் புல்லரித்தது. வெவ்வேறு குணமுள்ள இரண்டு காற்றுகள் சந்திக்கும் எல்லைக்கு நார்வே தேசத்து அறிஞர்கள் போர்முனை என்ற பொருளில் பெயர் வைத்திருப்பதைப் படித்திருக்கிறேன். இரவில் சுமத்ரா மலையிலிருந்தும் இந்தக் கரையிலிருந்தும் குளிர்ந்த காற்று இரண்டுக்கும் இடையிலுள்ள பெரிய ஜலசந்திக்கு இறங்குகிறது. நடுவிலுள்ள வெதுவெதுப்பான ஈரக் காற்று வேறு வழியின்றி மேலே எழுந்து இடிமழையாகிறது. அந்த மழை காற்றைக் குளிர்விக்க, குளிர்ந்தது கனத்துத் தரையோடு ஓடி, முன்னால் நிற்கும் வெம்மையான காற்றின் அடியில் ஆப்பாகச் செருகித் தூக்குகிறது. தூக்கப்பட்டது மறுபடி மழை. இந்த மாதத்து மேல்காற்று இந்த இடிமழை வரிசை முழுவதையும் ஜொகூருக்குள் தள்ளிவிடுகிறது. இதையெல்லாம் அங்கேயே நின்று யோசித்தேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் நின்றேன். வெப்பமானி எழுபத்தெட்டு டிகிரியிலிருந்து எழுபதுக்கு இறங்குவதை விளக்கொளியில் பார்த்தேன். பாரமானி இறங்காததோடு நில்லாமல் குபீரென்று ஏறியது! முன்னெச்சரிக்கை எதுவும் தராமல், வந்த பிறகு ஏறுகிற புயலை அன்றுதான் கண்டேன். அந்தப் போர்முனைக் கோடு என் தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. குழந்தை மாதிரி வாய்விட்டுச் சிரித்தேன்.

"அண்ணே! கையில உள்ளத பாக்கெட்ல போட்டுட்டு வந்து மணவறையத் தூக்குங்க!"

வேதவல்லியின் குரல். திரும்பிப் பார்த்தால், அகலத் திறந்த என் மேற்கு வாசல் வழியே காற்று உள்ளே புகுந்து, கிழக்கே நெருக்கிக் கட்டிய என் தட்டிகளில் முட்டி, வெளியேற வழியின்றிப் பந்தலையே கப்பல்பாய்போல் தூக்கிக்கொண்டிருந்தது. இரண்டு கால்கள் பிடுங்கிக்கொண்டன. பிறகு அத்தாப்பு ஓலைகள் ஒவ்வொன்றாகக் கிழக்கு நோக்கிப் பறந்தன. புடவையை வரிந்து கட்டிக்கொண்டு வேதவல்லி நடுத்திடலில் நின்றாள். ஒருவர் விளக்கை எடுக்க, இன்னொருவர் அரிசியை எடுக்க, முனியம்மா தாலித்தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஓட, அங்கிருந்த நாற்பது பேரையும் வேதவல்லி இடிச் சத்தத்துக்கு மேல் கத்தி வேலை வாங்கினாள். நானும் மணவறையின் ஒரு காலைப் பிடித்தேன். எல்லோரும் போய்ச் சேர்ந்த இடம், வேறெங்கே, ஸ்டோர்.

பந்தல் திடலில்தான் என்று நான் உறுதி சொல்லியிருந்ததால், ஸ்டோரில் யாரும் அடுப்பை அணைக்கவில்லை. வாரத்து ஷீட்டெல்லாம் தொங்க, ஜம்மென்று புகைந்துகொண்டிருந்தது. பெண்ணைக் கொடுக்கும் வீட்டார் அழுவதுண்டு. அங்கே புரோகிதர், மேளக்காரர், சமையற்காரர் எல்லோரும் அழுதார்கள். மல்லிகையும் பட்டுமாக அஞ்சுகம் அந்தப் புகை நடுவே உட்கார்ந்திருந்தாள்.

"பரவால்ல மாமா. மழைக்கு நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒரே ஒரு நாள் கேட்ட பெண்ணுக்கு அந்த ஒரு நாளையும் கெடுத்துவிட்டேனே!

ஆறு மணி ஐந்து நிமிஷம். லாரி வந்தது. அன்னாசி மூட்டை மூடும் தார்ப்பாயைத் தலையோடு போர்த்திக்கொண்டு மாப்பிள்ளை குதித்தார். அப்படியும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்.

"வர்ற வழியில, பெக்கான் நெனாஸ்ல புடிச்சிச்சுங்க. அலமாக், லோரியத் தாண்டிக்கிட்டுப் போயிருச்சு!" என்றார் அவர் அண்ணன். அலமாக் என்றால் மலாயில் ஐயையோ. மாப்பிள்ளைக்கு முன்னால் மழை ஓடி வந்து சேர்ந்திருக்கிறது.

ஆறு இருபதுக்குத் தகரத்தின் மேல் சத்தம் தணிந்தது. இன்னும் இருபத்தைந்து நிமிஷம்தான் முகூர்த்தம். "அண்ணே, நின்னுடுமா?" என்று வேதவல்லி கேட்டாள். "எனக்குத் தெரியாது. முனியம்மாவைக் கேள்" என்றேன். பத்தொன்பது வருஷத்தில் தெரியாது என்று நான் சொன்னது அதுவே முதல் தடவை. சொல்லிப் பார்த்தால் அப்படியொன்றும் கஷ்டமில்லை.

முனியம்மா வெளியே போய் மேற்கே அண்ணாந்து பார்த்தாள். "வெளுத்துருச்சும்மா. அது இந்நேரம் கெழக்கே கோத்தா திங்கிக்குப் போயிருக்கும். இனிமே சும்மா தூத்தல்தான்."

அவள் திறந்த கதவு வழியே காற்று உள்ளே வந்தது. அஞ்சுகம் எழுந்து வாசலுக்குப் போனாள். கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள்.

"மாமா, இங்க வாங்களேன். மோந்து பாருங்க. ஒண்ணுமே இல்ல!"

போய் நின்றேன். உண்மைதான். நேற்று வரை தோட்டத்தின் மேல் பாயாக விரிந்து கிடந்த புழுக்கக் காற்று முழுவதும், அதன் புளிப்போடும் புகையோடும், கிழக்கே தள்ளப்பட்டுப் போயிருந்தது. அந்த இடத்தில் மேகத்தின் உயரத்திலிருந்து இறங்கிய குளிர்ந்த, புத்தம் புதுக் காற்று நின்றது. வாசனை எதுவும் அதற்கு இன்னும் ஒட்டவில்லை.

"இப்ப திடலுக்குப் போலாம்" என்றாள் அஞ்சுகம்.

"பந்தல் இல்லியே!" என்றார் மாசிலாமணி.

"எதுக்குங்க பந்தல்? நான்தான் ஏற்கெனவே நனைஞ்சாச்சே" என்றார் மாப்பிள்ளை. நல்ல பிள்ளை, எனக்கு உடனே பிடித்துவிட்டது.

அக்கினிச் சட்டியை இரண்டு பேர் குடை பிடித்துத் தூக்கி வந்தார்கள். கணுக்கால் அளவு தண்ணீரில், புல்லின் மேல், என் மருமகளின் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். ஆறு முப்பத்தைந்துக்கு, விடிந்து வரும் வானத்தின் கீழ், மெல்லிய தூறலில் தாலி ஏறியது. மேளக்காரரின் தவிலில் தண்ணீர் ஏறி அது தவளை மாதிரிக் கத்தியது. யாரும் பொருட்படுத்தவில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளையின் பட்டுச் சட்டையிலிருந்து மட்டும் அன்னாசிப்பழ வாசம் அடித்தது.

செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி. செனாய் சாலையில் பஸ்ஸுக்காக நின்றோம். மேல்காற்று இதமாக வீசியது. யோசித்துப் பார்த்தால் நாகப்பட்டினத்தில் புழுதி கிளப்புவதும் இங்கே மழை தருவதும் தென்கடலிலிருந்து புறப்படும் ஒரே காற்றுதான். வழியில் எதைக் கடந்து வந்தது என்பதில்தான் வித்தியாசம். மலையைத் தாண்டியது அங்கே வறண்டு போகிறது, ஜலசந்தியைத் தாண்டியது இங்கே இப்படி ஆகிறது.

"வேதா, சின்ன வயதில் இடி இடித்தால் நீ கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்வாயே" என்றேன்.

"இங்க ஏதுண்ணே கட்டிலு? வந்த முதல் வருஷம் கூலிக்காரங்க லயத்து வீட்டுல தரையிலதான் படுக்கை" என்று சிரித்தாள். "அப்பறம் பயப்பட நேரமில்லாமப் போச்சு."

பஸ் வந்தது. பையில் முறுக்கைத் திணித்தாள், காலில் விழுந்தாள், இந்தத் தடவை வந்த மலாய்க்கார ஓட்டுநரிடம் என்னைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி மலாயில் கண்டிப்பாக ஏதோ சொன்னாள். கட்டிலுக்கடியில் ஒளியும் தங்கையைப் பார்க்கத்தான் கடல் கடந்து வந்தேன். விடைகொடுத்தவள் ஜொகூர்க்காரி.