தொப்பை எழுத்து

போன மாதம் ஆம்பூருக்குப் போயிருந்தேன். அங்கே பிரஸ் வைத்திருக்கும் என் நண்பர் தேவசகாயத்துக்கு ஒரு விநோதப் பழக்கம் உண்டு. எழுத்துகளுக்குத் தொப்பை வைப்பார்.

நாடக நோட்டீஸுக்காக அவரே பென்சிலால் வரைந்து, தச்சரைக் கொண்டு மரத்தில் வெட்ட வைத்த எழுத்துகள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். 'கு' வாலைச் சுருட்டிக்கொண்டு நிற்கும். 'ண்' மூன்று வயிறோடு உட்கார்ந்திருக்கும்... ஊரில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்து என்ன ஆகவேண்டும்? சுவரில் அந்த எழுத்தைக் கண்டால் பாயோடு மைதானத்துக்குக் கிளம்பிவிடுவார்கள்.

அப்போது டேனரித் தெருவில் காலரா. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி ஏற்கெனவே ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. பசை வாசனைக்கு ஆடுகள்தான் அதைத் தேடி வந்தன.

நான் பிரஸ்ஸில் இருந்தபோது சானிட்டரி இன்ஸ்பெக்டர் இன்னொரு நோட்டீஸ் அடிக்க வந்தார். தேவசகாயம் நாடக எழுத்துப் பெட்டியை இழுத்தார்.

“இன்னாய்யா இது? சாவு சமாச்சாரத்துக்குக் கோமாளி எழுத்தா?”

“என் தங்கச்சி அந்தத் தெருவுலதான் சார் இருக்கா. சின்னப் பசங்க. பக்கத்து வூட்டுல நேத்து ஒரு சாவு. மரியாதையா அடிச்சா எவனும் பாக்க மாட்டேங்குறான்.”

இன்ஸ்பெக்டர் வாசகம் எழுதிய தாளை அவர் பக்கம் நகர்த்தினார்.

மறுநாள் தெருவெங்கும் தொப்பை எழுத்து — 'தண்ணீரைக் காய்ச்சிக் குடி.' சாயங்காலம் போய்ப் பார்த்தால், கிணற்றடி மைதானத்தில் தெருவே பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறது.

“ஆட்டம் எப்ப சார் ஆரம்பிப்பாங்க?” என்று இன்ஸ்பெக்டரையே கேட்டாள் ஒரு அம்மாள். அவருக்குக் கோபமான கோபம்.

தேவசகாயம் மெதுவாகச் சொன்னார்: “கும்பல் சேர்ந்துடுச்சி சார். சொல்ல வேண்டியத இப்பவே சொல்லிடுங்க.”

மனிதர் ஒரு பெட்டி மேல் ஏறினார். தண்ணீரைக் காய்ச்சுவது பற்றிப் பேசினார். எல்லாரும் பார்க்கக் கிணற்றில் மருந்துத் தூளைக் கொட்டி, வாளியில் இறைத்துக் காட்டினார். தண்ணீர் ரோஜா நிறம். ஒரே கைதட்டல்.

தங்கை மட்டும் தட்டவில்லை. “நான் காய்ச்சி இன்னாண்ணா பிரயோஜனம்? பசங்க எதிர் வூட்டுலயும் குடிக்குதுங்க. இனிமே அவங்களும் காய்ச்சுவாங்க இல்ல?” என்றாள்.

காய்ச்சினார்கள். காலரா அடங்கியது. தங்கையின் குழந்தைகள் சௌக்கியம்.

போன சனிக்கிழமை நான் மறுபடி ஆம்பூர் போயிருந்தபோது நிஜமாகவே நாடகக் கம்பெனி வந்தது. சுவரெல்லாம் அதே தொப்பை எழுத்து. ஆனால் மாலையில் மைதானத்தில் ஈ காக்கை இல்லை. கம்பெனிக்காரர் மேக்கப்போடு வாசலில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருவுக்குள் போய்ப் பார்த்தேன்... வீட்டுக்கு வீடு அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.