சும்மா கிடந்த டெர்மினல்

பெர்கன் நகரத்துக் காப்பீட்டுக் கம்பெனியில் ஒட்வாருக்கு மனிதர்களைவிட டெர்மினல்களோடுதான் பழக்கம். கடலோரத்திலும் தீவுகளிலும் இருக்கும் கிளை அலுவலகங்கள் காலையில் கதவைத் திறந்ததும், டெர்மினல் என்ற திரையும் விசைப்பலகையும் வழியாகத் தலைமையகத்துப் பெருங்கணினியோடு இணைந்துகொள்ளும். அந்த இணைப்புக்கு செஷன் என்று பெயர். எந்த செஷன் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, நடுவில் எத்தனை செய்தி போய்வந்தது என்று ஒரு நிரல் சேகரித்துக்கொண்டே இருக்கும். அதைப் படிப்பதுதான் அவர் வேலை. காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்து, "இன்னைக்கு ஃப்ளோரோ சுறுசுறுப்பா இருக்கு. மோலோய்க்கு உடம்பு சரியில்ல போல" என்று கிளை ஊர்களை உறவுக்காரர்களைப் பேசுவதுபோலப் பேசுவார்.

சேகரிக்கிற தகவல் கணினியின் வட்டை நிரப்பிவிடும். அதனால் தொலைவில் இருக்கும் தீவுகளுக்கு மட்டும் ஒரு கணக்கை அவர் நிறுத்தி வைத்திருந்தார். அங்கே ஒருவர் பொத்தானை அழுத்தியபின் பதில் திரைக்கு வர எவ்வளவு நேரமாகிறது என்ற கணக்கு அது. அந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற சிக்கனம்தான். வட்டில் இடம் மிச்சமானதற்கு மேலாளர் ஸ்டெய்னார் முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தார்.

எண்பத்தேழாம் வருடம், ஒரு மழைநாள். பெர்கனில் வேறென்ன நாள் இருக்கிறது! மதியச் சாப்பாட்டு மேசையில் ஸ்டெய்னார் எல்லோரையும் பார்த்துக் கேட்டார்.

"ஒரு கிளைய மூடச் சொல்லி மேலருந்து சொல்றாங்கப்பா. எதை மூடலாம்?"

ஒட்வாரின் வாய் சும்மா இருந்திருக்கலாம். வாயில் ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் இருந்தும் அது சும்மா இருக்கவில்லை.

"ஹெல்வோய் தீவுக் கிளைய மூடுங்க. அங்க டெர்மினல் பாதி நாள் தூங்குது. அந்தம்மா உக்காந்து ஸ்வெட்டர் பின்றாங்கன்னு நெனைக்கிறேன்."

மேசையே சிரித்தது. ஸ்டெய்னார் மட்டும் சிரிக்காமல், "அதைக் கொஞ்சம் படமா போட்டுக் குடேன்" என்றார். ஒட்வார் மற்ற கிளைகளை உயரமான கோடுகளாகவும் ஹெல்வோயைத் தரையோடு தரையாகவும் வரைந்து கொடுத்தார். நல்ல பெயர் வாங்கும் ஆசை யாரை விட்டது?

வசந்த காலத்தில் கிளையை மூடினார்கள். இயந்திரங்களைக் கழற்றி எடுத்துவர ஒட்வாரையே அனுப்பினார்கள். படகிலிருந்து இறங்கிப் போய், "பெர்கன்லேர்ந்து வர்றேன். கழட்டிட்டுப் போகணும்" என்று சொன்னபோது, கிளையின் ஒரே ஊழியை யூருன் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு வாஃபிளும் பழக்கூழும் எடுத்து வைத்தாள். உள்ளே இரண்டு கிழவர்கள் காப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"கழட்டுறதுக்கு முன்னாடி கடைசியா ஒண்ணு பதிஞ்சுக்கட்டுமா?" என்று கேட்டாள் யூருன்.

"தாராளமா."

ஒரு கிழவரின் படகுக் காப்பீட்டைத் தட்டச்சு செய்து பொத்தானை அழுத்தினாள். திரை அசையவில்லை. அவள் எழுந்துபோய்க் காப்பி ஊற்றினாள், கிழவரின் மூட்டுவலியை விசாரித்தாள், ஜன்னல் விளிம்பைத் துடைத்தாள். ஒட்வார் வாஃபிளைத் தின்று முடித்தார். திரை அப்படியே இருந்தது.

"எப்பவும் இப்படித்தானா?"

"மழை பேஞ்சா இன்னும் மோசம். அதான் எல்லாத்தையும் முதல்ல காகிதத்துல எழுதி வச்சுக்குவேன். ஒண்ணொண்ணா அனுப்பிட்டுக் காத்துக்கிட்டே இருப்பேன்."

டெர்மினலும் தூங்கவில்லை, அவளும் தூங்கவில்லை. தீவையும் பெர்கனையும் இணைக்கும் பழுதான தொலைபேசித் தடத்தில் இருவரும் காத்துக்கிடந்திருக்கிறார்கள். காத்திருந்த நேரத்தைத்தான் அவர் சேகரிக்கவில்லையே.

"ஃபோன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே?" என்றார்.

"சொன்னேனே, ரெண்டு மூணு தடவை. 'இங்க பாத்தா செஷன் நல்லாத்தான் இருக்கு, நீங்க மெதுவா தட்டுறீங்களோ என்னவோ'ன்னு ஒருத்தர் சிரிச்சாரு."

பொய் சொல்லியிருக்கலாம். ஒட்வாருக்கு அதற்கு மனம் வரவில்லை.

"அது நான்தான்."

"தெரியும். நீங்க உள்ள வந்து வாயத் தொறந்ததுமே தெரியும். அதான் ஒரு தடவை அழுத்திக் காட்டினேன்."

அவள் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று ஒட்வாருக்கு இருந்தது. அப்போதுதான் பதில் வந்து திரை அசைந்தது. "பாத்தீங்களா, வந்துருச்சு" என்றாள். அவர் கடைசி வயரையும் பிடுங்கும்வரை பக்கத்திலேயே நின்று, மிச்ச வாஃபிளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். படகில் அதைப் பிரிக்க அவருக்குக் கை வரவில்லை.

ஊர் திரும்பியதும் ஸ்டெய்னாரிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். "தப்பு என்னோடது. தடத்தைச் சரிபண்ணிட்டு மறுபடி திறக்கலாம்" என்று கெஞ்சினார்.

"இதை மூடுறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும், ஒட்வார். தடத்தையே டெலிஃபோன்காரங்ககிட்ட திருப்பிக் கொடுத்தாச்சு. இனிமே எதை அளப்ப?"

ஒட்வார் தன் இடத்துக்கு வந்து, எல்லாத் தீவுகளுக்கும் காத்திருக்கும் நேரத்தைச் சேகரிக்கும்படி அன்றே மாற்றினார். வட்டு நிரம்பினால் நிரம்பட்டும். பட்டியலில் வரிசையாக மாற்றிக்கொண்டே வந்தவர், ஹெல்வோய் இருந்த இடத்தில் நின்றார். அங்கே மாற்ற ஒன்றும் இல்லை.