கரண்டு மெலிந்த கோடை

எட்டாவதோடு நின்றவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே தயங்குவேன். எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில், அச்சங்குளத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் மிளகாய்த் தோட்டத்துக்குக் கரண்டு வந்தது. கிணறு எங்களுக்கும் என் கணவரின் அண்ணனுக்கும் பொது. மூத்தார் தன் பக்கத்துக் கமலையை விடவில்லை; மாடு கட்டித் தோல் சாலில்தான் இறைத்தார். எங்கள் வீட்டுக்காரர் மோட்டார் வைத்தார். கமலை மாடுகளைச் சாத்தூரில் விற்றுவிட்டு வந்து, "இனிமே மாட்டுக்கு வைக்கோல் போடுதவன் மடையன்" என்று வரப்பில் நின்று சொன்னார். அண்ணன் காதில் விழட்டும் என்றுதான் சொன்னார். அதோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது.

அடுத்த கோடையில் பல்பு புகை படிந்ததுபோல் மங்கியது. மோட்டார் உறுமும், தண்ணீர் ஏறாது. பிறகு கரண்டே எப்போதாவதுதான் வந்தது. கம்பி பார்க்க வந்த லைன்மேனிடம் கேட்டோம்.

"மேற்கு மலையில ஆத்தை வாய்க்காலாத் திருப்பி, பெரிய குழாய் வழியாக் கீழ விடுதாக. விழுகுற வேகத்துல சக்கரம் சுத்தும், கரண்டு வரும். தண்ணி திரும்ப ஆத்துக்கே போயிரும். தேக்கி வைக்க அங்கன அணை கிடையாது. ஆறு மெலிஞ்சா கரண்டும் மெலிஞ்சிரும்."

"கிணத்துல தண்ணி கிடக்கே" என்றார் வீட்டுக்காரர்.

"இங்கன கிடந்து என்ன செய்ய அண்ணாச்சி? அங்கன ஓடணுமே."

அன்றிலிருந்து அவர் மேற்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். புழுதியில் மலை தெரியவே இல்லை. மிளகாய்ப் பூ உதிரத் தொடங்கியது. அது போனால் அந்த வருடத்துக்கு எங்களுக்கு வேறு வெள்ளாமை இல்லை.

அவர் அண்ணனிடம் போய்க் கேட்க மாட்டார். நான் போனேன். மூத்தார் முன்னால் நின்று பேசும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. கதவுக்குப் பின்னால் நின்று ஓரகத்தியிடம் சொன்னேன். முற்றத்தில் இருந்த அவருக்கு எல்லாம் கேட்டது.

"அக்கா, மாட்டையும் கமலையையும் ஒரு பொழுதுக்குக் குடுத்தாகன்னா செடி பிழைச்சிரும்."

"மடையன் வீட்டு மாடு அவுகளுக்கு எதுக்காம்? கேளு" என்றார் அவர், மனைவியிடம்.

"கேட்டுச்சா?" என்றாள் ஓரகத்தி.

"கேட்டுச்சுக்கா."

கதவைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன். முற்றத்திலிருந்து மறுபடி அவர் குரல் வந்தது.

"எங்க பருத்திக்கு இறைச்ச பொறவு வாரேன்னு சொல்லு. நாளைக்கு மத்தியானம் ஆயிரும். அதுவரைக்கும் செடி நிக்கட்டும்."

மறுநாள் மத்தியானத்துக்குப் பிறகு மூத்தார் கமலை ஓட்டினார்; வீட்டுக்காரர் மண்வெட்டியோடு தண்ணீரைத் திருப்பிவிட்டார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பொழுது சாயும்வரை இறைத்ததில் கிணற்றோரப் பாத்திகள் மட்டும் நனைந்தன. தெற்குப் பாதியைக் காய விட்டோம்.