குங்குமம் வைத்த மரங்கள்

கனகலக்ஷ்மிக்குப் பின்னால் வருகிறவர்கள் கொஞ்சம் தள்ளி நடப்பது நல்லது. எங்கள் அக்ரஹாரத் தெருவில் மரம் இருக்கிற இடமெல்லாம் அவள் திடீரென்று நின்று குனிவாள். நடுத்தெருவில் கிடக்கும் பழுத்த இலையை எடுத்து, மண்ணைத் தட்டி, மரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு நடையைக் கட்டுவாள். போன வாரம் ஒரு ஸ்கூட்டர்காரர் பிரேக் போட்டு நின்று கன்னடத்தில் நாலு வார்த்தை சொன்னார். இவளும் கன்னடத்திலேயே மன்னிப்புக் கேட்டாள். இலையை மட்டும் விடவில்லை.

தாவரவியல் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். உயரம் போதாது, குரல் தாராளம். காபியைக்கூட நின்றுகொண்டேதான் குடிப்பாள். எந்த மரத்தைக் கண்டாலும் நெஞ்சு உயரத்தில் கட்டிப்பிடித்துப் பார்த்து, சுற்றளவு இத்தனை என்று சொல்லிவிடுவாள். "நெஞ்சுன்னா யாரோட நெஞ்சு? உன்னதா, என்னதா?" என்று எதிர்வீட்டுக்காரன் உரிமையில் நான் வம்புக்கிழுப்பேன். "மாமா, ஸும்னே இருங்கோ" என்று கன்னடம் கலந்து என் வாயை அடைப்பாள்.

அவளைப் பயிற்சிக்குக் காட்டுக்கு அனுப்ப அவள் அப்பா பட்டாபிராமனுக்கு மனசே இல்லை. ராஜ்யத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் மாற்றி இத்தனை வருஷமாகியும் முகவரியில் 'மைசூர் ஸ்டேட்' என்றே எழுதுகிறவர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். தண்டவாளம் போகாத ஊரை ஊராகவே மதிக்க மாட்டார். "ஒரு தரம் போயிட்டு வா. நன்னா முடிச்சா மேலே படி. கோட்டை விட்டா பேங்க் பரீட்சை எழுது. அஷ்டே, அவ்வளவுதான்" என்றார். கூட்டல் கழித்தல் என்றாலே கனகுவுக்குத் தலைவலி வரும். காட்டை விட்டால் அவளுக்கு வேறொன்றும் வேண்டாம்.

ஹனூர் தாண்டி, காவிரிப் பக்கம், தமிழ் பேசுகிற கோபிநத்தத்தில் வேலை. காட்டோரமாகச் சில மரங்களுக்கு அடையாளம் வைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் சதுரமாக நூல் கட்டிவிட்டு வர வேண்டும். ஒரு மாதம் கழித்துப் போய், சதுரத்துக்குள் விழுந்து கிடக்கும் இலைகளை மரவாரியாக அள்ளி நிறுக்க வேண்டும். அதுவரை யாரும் தொடக்கூடாது.

மகாராணி கனகு, அடையாளம் வைக்கக் கொண்டுபோன பெயிண்ட் டப்பாவைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டாள். அந்த ஊரில் பெயிண்டுக்கு எங்கே போவது? பெட்டியைத் திறந்தால் அம்மா வைத்துவிட்ட குங்குமம் இருந்தது, மஞ்சள்பொடி இருந்தது, விளக்கெண்ணெய் இருந்தது. மழைக்குக் கரையாதபடி குங்குமத்தை எண்ணெயில் குழைத்து, மரத்துக்கு மரம் பெரிதாக, வட்டமாக இட்டாள். வெள்ளை நூல் கண்ணுக்குப் படவில்லை என்று மஞ்சளில் தோய்த்துக் கட்டினாள். தன் சமர்த்தைத் தானே மெச்சிக்கொண்டு ஊர் திரும்பினாள். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது மட்டும் அந்த மண்டைக்குள் ஏறவில்லை.

மாதம் முடிந்து போனபோது துணைக்கு நான் போனேன். மரத்தடிகளில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. கிளைகளில் செவ்வரளி மாலை, வேரடியில் அகல் விளக்கு. சதுரத்துக்குள் மருந்துக்குக்கூட ஓர் இலை இல்லை. கனகு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"போச்சு மாமா. அப்பா மூஞ்சில எப்படி முழிப்பேன்? இனிமே பேங்க்தான்."

அவள் அழுது அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

கையில் விளக்குமாறோடு ஓர் அம்மாள் வந்தாள். மாதம்மா என்று பெயர், பக்கத்து வீடுதான்.

"ஏனுங்க அம்மிணி, சாமிகிட்ட வந்து அழுகறீங்க? கேட்டதைக் குடுக்குமுங்க."

"இங்கே கூட்டினது நீங்களா?"

"நாந்தானுங்க. தெனமும் காத்தால கூட்டிருவனுங்க."

"இலையெல்லாம் எங்கே? எரிச்சுட்டேளா?"

மாதம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சாமி எலையப் போயி எரிப்பாங்களா? கால் மிதி படாத எடமாப் பாத்து வெச்சிருக்கறனுங்க" என்று பாறைக்குப் பின்னால் கூட்டிப்போனாள். அங்கே வரிசையாக மூங்கில் கூடைகள். கூடை நிறைய இலை.

கனகு பயந்துகொண்டே கேட்டாள். "எல்லாம் கலந்து போச்சா?"

"அதெப்படிங்க கலக்கறது? ஒவ்வொரு சாமியும் வேற வேற இல்லீங்களா? ஒருத்தர் எலைய இன்னொருத்தர் கூடையில போட்டாக் கோவிச்சுக்காதுங்களா?"

"நூலுக்கு வெளியே இருந்ததும் இதுல சேர்ந்திருக்கா?"

"வெளிய காடுங்க. அதை யாரு கூட்டறது?"

கனகு மாதம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எனக்கும் அப்போதுதான் உயிர் வந்தது. அன்று சாயங்காலம்வரை கூடை கூடையாக நிறுத்தோம். எந்தக் கூடை எந்த மரத்தினுடையது என்று மாதம்மா சொல்லச் சொல்ல இவள் தராசைப் பிடித்தாள். நிறுத்த இலையைக் கொட்டிவிட்டுப் போவதுதான் மாணவர்கள் வழக்கமாம். கனகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அத்தனையையும் திரும்ப அந்தந்தக் கூடையிலேயே போட்டாள்.

நடந்ததை ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தாள். ஆசிரியர் விழுந்து விழுந்து சிரித்தாராம், ஆனால் தேர்ச்சி கொடுத்துவிட்டார். அன்றிலிருந்துதான் தெருவில் இலை பொறுக்குகிற இந்தக் கூத்து. விஞ்ஞானம் படிக்கிற பெண் இப்படிச் செய்யலாமா என்று கேட்டால், "மிதிபட்டா மனசு கேக்க மாட்டேங்கறது மாமா" என்கிறாள்.

இன்று காலை அடுத்த பயிற்சிக்குப் புறப்பட்டாள். இந்தத் தடவையும் காடுதான். பஸ் நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். வாய்க்கு வாய் பேங்க் பரீட்சை என்று சொல்லிக்கொண்டிருந்த பட்டாபிராமன், பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து மடியில் எதையோ துண்டால் மூடி வைத்திருந்தார். என்ன ஓய் என்று கேட்டதற்குத் துண்டை இன்னும் இழுத்து மூடிக்கொண்டார். கனகு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் விசில் கொடுத்ததும் அவர் எழுந்து போய்த் துண்டை விலக்கினார். உள்ளே புதுப் பெயிண்ட் டப்பா. ஜன்னல் வழியாகக் கையை விட்டு, அதை அவள் மடியில் வைத்தார்.